மெழுகு அக்காவின் மேற்படிப்பு

ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், எக்ஸ்ரே அறையையும் தாண்டி, வழிகாட்டிப் பலகைகள் தீர்ந்துபோகிற இடத்தில் அந்தப் பரிசோதனைக்கூடம் இருந்தது. நோயாளிகள் யாரும் அங்கே வருவதில்லை. அவர்கள் உடம்பிலிருந்து வெட்டியெடுத்த துணுக்குகள் மட்டும் சின்னச் சின்ன டப்பாக்களில், சீட்டு ஒட்டி, வந்து சேரும். அவற்றைப் பதப்படுத்தி, உருக்கிய மெழுகில் வார்த்துக் கட்டியாக்கி, அந்தக் கட்டியை வெட்டுமிஷினில் வைத்து, வெங்காயத் தோலைவிட மெல்லிய சீவல்களாகச் சீவி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டில் ஏந்தியெடுத்துச் சாயம் ஏற்றி, டாக்டரின் மேசைக்கு அனுப்புவது அவள் வேலை. பதினாறு வருஷமாக அதே ஸ்டூல், அதே மிஷின். புதிதாக வேலைக்கு வந்த பெண்கள் அவளுக்கு மெழுகு அக்கா என்று பெயர் வைத்தார்கள். அதுவே நிலைத்துவிட்டது. எதையும் பூசி மெழுகிப் பேசத் தெரியாத ஒருத்திக்கு இப்படி ஒரு பெயரா என்று டாக்டரம்மா சிரிப்பார்.

சாயம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க அவள் மேசையிலும் ஒரு பழைய மைக்ராஸ்கோப் இருந்தது. அவள் பார்க்க வேண்டியது நிறத்தை மட்டும். ஆனால் கண் நிறத்தோடு நின்றுவிடுமா? பதினாறு வருஷத்தில் எது நல்ல செல், எது முறை தவறிப் பெருகியது என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. பல நாட்களில் டாக்டருக்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்வாள். எப்போதாவது வழி கேட்டுக் கேட்டு யாராவது ஜன்னல்வரை வந்துவிடுவார்கள்.

"என்னம்மா, ஒண்ணும் இல்லதான?"

"ரிப்போர்ட் நாளைக்கு வரும்ங்க."

அவள் சொல்ல அனுமதி இருந்தது அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான்.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது நடந்தபோது ஒரு நாள், டாக்டரம்மா பார்த்துக் கோளாறில்லை என்று எழுதிவிட்ட ஒரு தகடு அடுக்கி வைக்கத் திரும்பி வந்தது. அவள் அதை மறுபடி தன் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். பிறகு டாக்டரின் அறை வாசலுக்குப் போனாள்.

"டாக்டர், இந்த ஏழாம் நம்பர்... இடது ஓரத்த மட்டும் இன்னொரு தடவ பாக்கறீங்களா?"

டாக்டரம்மா பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கண்ணை எடுக்காமலே எழுதிய அறிக்கையைக் கையால் துழாவி எடுத்துக் கிழித்துப் போட்டார். "நீ போ" என்று மட்டும் சொன்னார். இரண்டு நாள் கழித்து அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அந்த அறையில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

இன்னும் இரண்டு மூன்று வருஷத்தில் ஆஸ்பத்திரியில் ஒரு புதுப் பதவி வரப்போகிறது. செல்களை முதலில் பார்த்துத் தன் கையெழுத்தோடு முதல் அறிக்கை எழுதுகிற பதவி. அதற்கு முதுகலைப் பட்டம் வேண்டும். "நீ படிச்சு வெச்சுக்கோ. இந்தக் கண்ணு எல்லாருக்கும் வாய்க்காது."

"முப்பத்தெட்டு ஆகுது டாக்டர்."

"கண்ணுக்கு ஒண்ணும் ஆகலயே."

அன்று அவள் பஸ்ஸில் இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டு அடுத்ததில் இறங்கி நடந்து வந்தாள்.

வீடு இரண்டாம் மாடியில். லிஃப்ட் கிடையாது. அங்கே அவளைத் தவிர மூன்று பேர். கணவன் பக்கத்துத் தெரு அச்சகத்தில் மிஷின் ஓட்டுபவன். ஒரு வாரம் காலை ஷிஃப்ட், மறுவாரம் மதியம் தொடங்கி ராத்திரி பத்துவரை. மகளுக்குப் பன்னிரண்டு வயது. எதைக் கொடுத்தாலும் பத்திரமாக வைத்துக்கொள்கிற பிள்ளை. அப்புறம் மாமனார். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். அவர் குரல் கேட்டால் பெட்டியே எழுந்து உட்காரும் என்று பெயர் வாங்கியவர். பக்கவாதம் வந்து வலது கையையும் வலது காலையும் எடுத்துக்கொண்டது. பேச்சையும் மொத்தமாக வாரிக்கொண்டு போய், என்ன நினைத்ததோ, ஒரே ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டுப் போனது. பரவாயில்லை. பசித்தாலும் பரவாயில்லை, கோபம் வந்தாலும் பரவாயில்லை, டீ சூடாக இருந்து நாக்கைச் சுட்டாலும் பரவாயில்லை. எந்தப் பரவாயில்லைக்கு என்ன அர்த்தம் என்று குரலை வைத்துக் கண்டுபிடிப்பதில் அந்த வீட்டில் மகளை மிஞ்ச ஆளில்லை. பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மா வந்து போவார். அவர் ஐந்து மணிக்கு மேல் ஒரு நிமிஷம் நிற்க மாட்டார்.

டாக்டரம்மா சொன்னதைச் சாப்பிடும்போது கணவனிடம் சொன்னாள். அவன் கை கழுவிவிட்டு வந்து நிதானமாகச் சொன்னான்.

"நீ எது முடிவு பண்ணாலும் எனக்குச் சம்மதம்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம், போ என்று சொல்லியிருந்தால் கிளம்பியிருக்கலாம். இவன் முழுப் பாரத்தையும் அழகாகத் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டு நல்லவனாகவும் இருந்துகொண்டான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அவன் சுபாவம் அப்படி.

அவள் ஒரு மஞ்சள் ஃபைல் வாங்கினாள். மூன்று இடங்களின் விண்ணப்பங்கள் அதில் சேர்ந்தன. முதலாவது, ரயிலில் ஐந்து மணி நேரத் தூரத்தில் இருந்த பல்கலைக்கழகம். இரண்டு வருஷம், முழுநேரம், அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். இரண்டாவது, நகரத்தின் மறுகோடியில் ஒரு மாலைக் கல்லூரி. வாரத்தில் மூன்று நாள், ஐந்தரையிலிருந்து எட்டு. மூன்றாவது, தபால் வழிப் படிப்பு.

"மூணாவத விட்டுரு" என்றார் டாக்டரம்மா. "ஆய்வகத்துல உக்காந்து பாத்த மணிக்கணக்கு இல்லாத சான்றிதழ எந்த ஆஸ்பத்திரியும் ஏத்துக்காது. ரெண்டாவது ஏதோ தேவல. ஆனா நீ முதலாவதுக்குப் போகணும்."

பல்கலைக்கழகத்திலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. விடிவதற்குள் சமைத்து வைத்துவிட்டு முதல் ரயிலைப் பிடித்துப் போனாள். அங்கே ஆய்வகத்தைப் பார்த்தவுடன் அவளுக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. நீளமான அறை, ஜன்னலோரமாக வரிசையாக இருபது மைக்ராஸ்கோப்புகள். ஒரு மாணவருக்கு ஒன்று. ஒவ்வொன்றின் முன்னாலும் உயரம் மாற்றக்கூடிய நாற்காலி. அவள் யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, நெம்புகோலைத் தட்டித் தன் உயரத்துக்குச் சரிசெய்து பார்த்துவிட்டு எழுந்தாள்.

நேர்காணல் நடத்திய பேராசிரியர், வெள்ளைத் தலை, சுருக்கமான பேச்சு. ஐந்து தகடுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, என்ன தெரிகிறது என்று கேட்டார். அவள் பாடப்புத்தகத்துச் சொற்கள் தெரியாமல், தெரிந்த சொற்களில் சொன்னாள். "இது சரியில்லங்க. இங்க ஒழுங்கு கலஞ்சு போச்சு. இது வெறும் புண்ணு ஆறுன தடம், பயப்பட வேண்டியதில்ல." ஐந்தும் சரி.

"எத்தன வருஷமா இதெல்லாம் பாத்துக்கிட்டு இருக்கீங்க?"

"பாக்கறதில்ல மேடம். வெட்டிக் குடுப்பேன்."

பேராசிரியர் பேனாவைக் கீழே வைத்தார். முதல் தடவையாக அவளை ஏறிட்டுப் பார்த்தார். "இருபதாம் தேதிக்குள்ள வந்து சேர்ந்துருங்க" என்றார்.

திரும்பி வரும் ரயிலில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தும் பாதி வழி நின்றுகொண்டே வந்தாள்.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் கூடிவருவதுபோலத்தான் தெரிந்தன. ஆஸ்பத்திரியில் சம்பளமில்லாத இரண்டு வருஷ விடுப்புக்கு எழுதிக் கொடுத்தாள். டாக்டரம்மா மேலிடத்தில் போய்ப் பேசி வாங்கிக் கொடுத்தார். மகளைத் தான் பார்த்துக்கொள்வதாகக் கணவன் சொன்னான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுக்குச் சாதம் வைக்கவும் பருப்பு வேகவைக்கவும் சொல்லிக்கொடுத்தாள். முதல் தடவை பருப்பு சுவரெல்லாம் தெறித்தது, ஆனால் கற்றுக்கொண்டான். மிச்சம் இருந்தது மாமனார். நாத்தனார் நான்கு தெரு தள்ளி இருந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம். பிள்ளை இல்லை. வராத பிள்ளைக்காகப் பார்க்காத டாக்டர் இல்லை. அவளே வந்து சொன்னாள்.

"அண்ணி, அப்பாவ நான் கூட்டிட்டுப் போறேன். ரெண்டு வருஷம்தான? எங்க வீட்டுலயும் பேச்சுக்கு ஒரு ஆள் ஆச்சு."

"என்ன பேச்சு? ஒத்தச் சொல்லுதான்."

"எங்க வீட்டுக்காரர் அதுகூட பேசமாட்டார்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பக்கத்து அறையிலிருந்து மாமனார், சிரிப்பு எதற்கென்று தெரியாமலே, பரவாயில்லை என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

பதினாறாம் தேதி அவள் வேலைக்கூடத்தில் தன் இடத்தைத் துடைத்து ஒழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. நாத்தனார். பேச்சுக்கு முன்னால் அழுகை வந்தது.

"என்னாச்சு? அழாம சொல்லு."

"அண்ணி... நின்னிருக்கு அண்ணி. டாக்டர் ஸ்கேன் பண்ணிட்டாங்க. துடிப்பு இருக்கு."

மெழுகு அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். உண்மையிலேயே சந்தோஷம் வந்தது. ஒன்பது வருஷம் அந்தப் பெண் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள். நல்லா இரு, ரொம்ப சந்தோஷம், அண்ணனுக்குச் சொன்னியா என்று என்னென்னவோ சொன்னாள். சந்தோஷம் அடங்குவதற்குள்ளேயே அதன் அடியில் வேறொன்று கல் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது.

"எழுந்திரிக்கவே கூடாதுங்கறாங்க அண்ணி. குழந்த பிறக்கற வரைக்கும் படுக்கைதான். பாத்ரூமுக்கு மட்டும்..." நாத்தனார் நிறுத்தினாள். "அண்ணி, அப்பா..."

"அதெல்லாம் இப்ப எதுக்கு? நீ படு. எதையும் யோசிக்காத."

போனை வைத்துவிட்டுத் துடைத்து ஒழித்த சாமான்களை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்து அதனதன் இடத்தில் வைத்தாள். ஒருவர் மேல் கோபப்பட முடிந்தால் மனசு கொஞ்சம் ஆறும். இதில் யார்மேல் கோபப்படுவது? பிறக்கப்போகிற பிள்ளை மேலா?

கணவனிடம் சொன்னாள். அவன் தங்கைக்காக மகிழ்ந்தான். உடனே இவள் முகத்தைப் பார்த்து மகிழ்ச்சியை மடித்து வைத்துக்கொண்டான்.

"நான் போகாதன்னு சொல்லல."

"நீங்க எதுவுமே சொல்லல."

"ஒரு வருஷம் தள்ளி வெக்க முடியுமான்னு கேட்டுப் பாரேன்."

கேட்டாள். பல்கலைக்கழகத்திலிருந்து நான்கு வரியில் பதில் வந்தது. இடத்தை அடுத்த வருஷத்துக்கு மாற்ற விதிமுறையில் வழியில்லை. மீண்டும் விண்ணப்பித்து மீண்டும் நேர்காணலுக்கு வரலாம். இருபதாம் தேதி ஒரு சாதாரண வெள்ளிக்கிழமையாக வந்துவிட்டுப் போனது. அன்று நாற்பத்திரண்டு கட்டிகள் வெட்டினாள்.

மிஞ்சியது மாலைக் கல்லூரி. அவள் அதைத் தேர்ந்தெடுத்தாள் என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். கடையில் மற்றதெல்லாம் விற்றுப்போன பிறகு இருப்பதை எடுத்துக்கொண்டு வருவதைப்போல எடுத்துக்கொண்டாள்.

நான்கு மணிக்கு வேலை முடியும். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். பகலில் ஒரு பள்ளிக்கூடம் நடக்கிற கட்டடத்தின் மேல்மாடி அது. பெஞ்சுகள் சின்னப் பிள்ளைகளுக்கு அளவெடுத்துச் செய்தவை. பதினான்கு பேர் சேர்ந்திருந்தார்கள். எல்லாரும் ஏதோ ஒரு வேலையை முடித்துவிட்டு அவசரமாக வந்தவர்கள். முதல் அரைமணி நேரம் வகுப்பில் கொட்டாவிதான் வருகைப் பதிவு. மைக்ராஸ்கோப் நான்கு. அதில் இரண்டில்தான் கண் வைத்தால் ஏதாவது தெரியும். ஆசிரியர் நல்ல மனுஷர். பகல் முழுக்க வேறு கல்லூரியில் தொண்டை கிழியப் பேசிவிட்டு வந்து, இங்கே தன் பழைய குறிப்புகளை மெதுவாக வாசிப்பார். ஒரு நாள் ஒரு படத்தைக் காட்டி இது ஆரோக்கியமான திசு என்று சொன்னார். அது அப்படியில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. கையைத் தூக்கலாமா என்று யோசித்தாள். அவர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, விட்டுவிட்டாள்.

கணவனுக்குக் காலை ஷிஃப்ட் வருகிற வாரங்களில் பிரச்சினை இல்லை. மதிய ஷிஃப்ட் வாரங்களில், ஐந்து மணிக்கு அந்த அம்மா கிளம்பிப் போனதிலிருந்து இவள் ஒன்பதேகாலுக்கு மாடி ஏறி வருகிறவரை வீட்டில் மகளும் தாத்தாவும் மட்டும். முதலில் அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் வந்து பார்க்கும்போதெல்லாம் வீடு ஒழுங்காக இருக்கும். தாத்தா சாப்பிட்டுப் படுத்திருப்பார். மகள் வீட்டுப்பாடம் முடித்திருப்பாள்.

"ஒண்ணும் பிரச்சின இல்லியே?"

"இல்லம்மா. நீ இன்னைக்கு என்ன படிச்ச?"

மகள் தினமும் அதைக் கேட்பாள். அவள் சொல்லுவாள். மகளுக்குப் பாதி புரியாது. ஆனாலும் கன்னத்தில் கை வைத்துக் கேட்பாள். முதல் பருவத் தேர்வில் அவள் வகுப்பிலேயே முதலாவதாக வந்தபோது மகள் அந்த மதிப்பெண் தாளை வாங்கித் தன் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்து, கசங்காமல் பள்ளிக்குக் கொண்டுபோய்த் தோழிகளிடம் காட்டிவிட்டு வந்தாள். அந்தச் சில மாதங்கள், மேலே சொன்ன பெஞ்சும் கொட்டாவியும் எல்லாம் சேர்த்தேதான், அவள் வாழ்க்கையில் நன்றாக இருந்த நாட்கள்.

இரண்டாம் பருவத்தில் ஒரு புதன்கிழமை ஆசிரியருக்குக் காய்ச்சல். கல்லூரி வாசலிலேயே காவலாளி சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். திரும்பி வர இரண்டு பஸ்ஸும் உடனுக்குடன் கிடைத்தன. ஏழு மணிக்குக் கால்மணி நேரம் இருக்கும்போதே அவள் வீட்டுக் கதவைத் திறந்தாள்.

குளியலறைக்கும் அறைக்கும் நடுவில் இருந்த குறுகலான நடையில் மாமனார் ஒருக்களித்துத் தரையில் கிடந்தார். தலைக்குக் கீழே தலையணை. ஈரமாகிவிட்ட உடைக்குமேல் போர்வை போர்த்தியிருந்தது. பக்கத்தில் சுவரில் சாய்ந்துகொண்டு, காலை நீட்டி, மடியில் நோட்டை விரித்து, மகள் பூகோள வரைபடத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். பென்சில் பெட்டி தாத்தாவின் நெஞ்சின் மேல். அவர் நல்ல கையால் பச்சையை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தார்.

மகள் நிமிர்ந்தாள். திருடி அகப்பட்டவள் முகம்.

"இப்பத்தாம்மா விழுந்தாரு. இப்பத்தான்."

வரைபடத்தில் கடல் முழுக்கத் தீட்டியாகிவிட்டது. பக்கத்தில் தண்ணீர் டம்ளர், அதில் உறிஞ்சுகுழல். பிரித்துச் சாப்பிட்ட பிஸ்கட் காகிதம். எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில், பழகிய கை எடுத்து வைத்த மாதிரி இருந்தது.

மெழுகு அக்கா பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "இது எத்தனாவது தடவ?"

மகள் கையிலிருந்த பென்சிலின் முனையைப் பார்த்தாள்.

"சொல்லு கண்ணு. திட்டமாட்டேன்."

"நாலு."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

"பண்ணா வந்துருவ."

"வரத்தான் செய்வேன்."

"அதான் பண்ணல. வந்தேன்னா படிப்ப நிறுத்திருவ." மகள் பென்சிலைப் பெட்டியில் போட்டாள். "அப்பாவுக்குத் தெரியும். ஏழரைக்கு டீ குடிக்க விடுவாங்கல்ல, அப்ப ஓடி வந்து தூக்கி, துடைச்சு, படுக்க வெச்சுட்டுப் போவாரு. அதுவரைக்கும் நாங்க இங்கயே இருப்போம். தாத்தாவுக்கு ஒண்ணும் கஷ்டம் இல்லம்மா. கேட்டுப் பாரு."

"பரவாயில்லை" என்றார் மாமனார். அந்தக் குரலுக்கு என்ன அர்த்தம் என்று அன்று அவளுக்கும் தெரிந்தது. அவர் கண் ஓரத்திலிருந்து நீர் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

ஏழரைக்குக் கணவன் மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறி வந்தான். கையெல்லாம் அச்சு மை. கதவுக்கு இந்தப் பக்கம் அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். அவளும் மகளும் சேர்ந்து அதற்குள் அவரைக் கட்டிலுக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

"அவதான் சொல்ல வேணாம்னா" என்றான். "சத்தியம் வாங்கிட்டா."

"பன்னெண்டு வயசுப் பிள்ள சொன்னா, நீங்க கேட்டுக்குவீங்களா?"

"நீ படிச்சிட்டு வந்து அவகிட்ட சொல்லும்போது உன் மூஞ்சி இருந்த மாதிரி நான் பாத்ததே இல்ல. எனக்கும் சொல்ல மனசு வரல." அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தான். முந்தைய மூன்று தடவையும் தனியாகத் தூக்கியதில் அவனுக்கு இடுப்பு பிடித்திருந்தது. அதையும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. பத்து நிமிஷத்தில் இடைவேளை முடிந்துவிடும் என்று எழுந்து போனான்.

வெள்ளிக்கிழமை அவள் கல்லூரிக்குப் போய் விலகல் கடிதம் கொடுத்தாள். எழுத்தர் வாங்கி, ஏன் என்று கேட்காமல், இதே மாதிரிக் கடிதங்கள் இருந்த அட்டைக்குள் சொருகினார். அட்டை தடிமனாக இருந்தது.

வீட்டில் அன்று மகள் சாப்பிடவில்லை. சமாதானமாகப் பேசிப் பார்த்தாள், எடுபடவில்லை.

"உனக்காகத்தான் நிறுத்தினேன் கண்ணு."

"அப்ப நான் எதுக்கு நாலு தடவ தரையில உக்காந்தேன்?"

அவள் சாப்பாட்டுத் தட்டை எடுத்து மூடி வைத்தாள். அதன்பிறகு மகள், இன்னைக்கு என்ன படிச்ச என்று கேட்டதில்லை. கேட்க என்ன இருந்தது?

அடுத்த வருஷம் அவள் தபால் வழிப் படிப்பில் சேர்ந்தாள். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று தெரிந்தேதான் சேர்ந்தாள். டாக்டரம்மா அதற்குள் ஓய்வு பெற்றுப் போயிருந்தார், இருந்திருந்தால் திட்டியிருப்பார். பழுப்புக் காகிதம் சுற்றிப் புத்தகங்கள் வந்தன. பஸ்ஸில் படித்தாள். மாமனார் கட்டிலருகே உட்கார்ந்து, அவருக்குச் சாப்பாடு ஊட்டிக்கொண்டே, ஒரு கையால் பக்கம் புரட்டிப் படித்தாள். சில சமயம் வாய்விட்டு வாசிப்பாள். செல் பிரிதல் பற்றி ஒரு பக்கம் வாசித்து முடித்தால் அவர் தன் சொல்லைச் சொல்லுவார். ஆசிரியர் கேட்டிருந்தால்கூட அவ்வளவுதான் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொள்வாள்.

மாமனார் அந்தப் படிப்பின் இரண்டாம் வருஷத்தில், ஒரு மத்தியானம், தூக்கத்திலேயே போனார். அவர் கட்டில் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு அவள் நிறைய அழுதாள். அது முழுக்க அவருக்கான அழுகையா என்று அவளுக்கே நிச்சயமில்லை. அதனால் இன்னும் கொஞ்சம் அழுதாள். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் போனபின் ஒரு நாள் பழைய மஞ்சள் ஃபைலை எடுத்துப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினாள். பணியிலிருப்போர் சேர்வதற்கான வயது வரம்பு நாற்பது என்று பதில் வந்தது. அவளுக்கு நாற்பத்தொன்று முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

டாக்டரம்மா சொன்ன பதவி சொன்னபடியே வந்தது. அவள் தபால் வழிச் சான்றிதழை, முதல் வகுப்பு என்று அச்சிட்டிருந்ததை, அலுவலகத்தில் நீட்டினாள். அங்கிருந்தவர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"ஆய்வக நேரம் எங்கம்மா போட்டிருக்கு?"

"இதுல இல்லங்க. ஆனா இங்க பத்தொன்பது வருஷமா ஆய்வகத்துலதான இருக்கேன்."

"அது வேலம்மா. படிப்பு இல்லியே." அவர் ஏளனமாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார்.

அந்த இடத்துக்கு ஓர் இளம்பெண் வந்தாள். அதே பல்கலைக்கழகத்துப் பட்டம். இருபது மைக்ராஸ்கோப் இருந்த அந்த நீள அறையில் உட்கார்ந்து படித்தவள். கெட்டிக்காரி, மரியாதை தெரிந்தவள். அக்கா அக்கா என்றுதான் கூப்பிட்டாள். கொஞ்சம் திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் இவளுக்கு வசதியாக இருந்திருக்கும். அடுத்த மாதமே சாயம் ஏற்றுகிற தானியங்கி மிஷின் வந்தது. நிறம் சரியாக இருக்கிறதா என்று ஆள் பார்க்கத் தேவையில்லை என்று சொல்லி, அவள் மேசையிலிருந்த பழைய மைக்ராஸ்கோப்பை ஸ்டோருக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். அதிலிருந்து அவள் வெட்டி அனுப்புகிற எதிலும் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரிவதில்லை. ஜன்னலில் வந்து கேட்பவர்களுக்கு அவள் அதே வாக்கியத்தைத்தான் சொன்னாள். இப்போது அது உண்மையாகவும் இருந்தது.

மகளுக்குப் பதினேழு வயதானது. பள்ளியில் முதல் மூன்று பேருக்குள் எப்போதும் இருப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மேசையில் கம்ப்யூட்டரை வைத்துக் கல்லூரி விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். மெழுகு அக்கா துணி மடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். மூன்று கல்லூரிகள். மூன்றும் வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்வரக்கூடிய இடங்கள்.

"அந்த யூனிவர்சிட்டிக்குப் போடலியா?"

"தூரம்மா."

"தூரமா இருந்தா என்ன? இப்ப வீட்டுல யாரும் படுக்கையில இல்லியே."

மகள் உள்ளறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். அங்கே அவள் அப்பா இடுப்புக்குப் பட்டை கட்டிக்கொண்டு, பலகை மேல் மல்லாந்து படுத்திருந்தார். மூன்று மாதமாக அச்சகத்தில் அவரை உட்கார்ந்து செய்கிற வேலைக்கு மாற்றியிருந்தார்கள்.

"இப்போதைக்கு இல்லம்மா" என்றாள்.

"சும்மா ஒண்ணு போட்டு வையேன். கிடைச்சா அப்பறம் பாத்துக்கலாம்."

"போட்டா கிடைச்சிரும்மா. அதான் போடல."

சொல்லிவிட்டு மகள் திரையைப் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை, ஏக்கம்கூட இல்லை. கடைக்குப் போகும்போது எதை வாங்க வேண்டாம் என்று சொல்வதைப்போலச் சொன்னாள். மெழுகு அக்காவுக்கு என்னவெல்லாமோ சொல்ல வாய்வரை வந்தது. உன்னை அப்படி விடமாட்டேன், நான் பார்த்துக்கொள்கிறேன், என்னை மாதிரி நீ ஆகக்கூடாது என்று. நல்ல வார்த்தைகள்தான். அந்த வீட்டில் அவற்றை யார் நம்புவார்கள்?

"பத்தாவது மார்க் ஷீட் நம்பர் வேணும்மா. கொஞ்சம் படிச்சுச் சொல்லேன்."

அவள் துணியைக் கீழே வைத்துவிட்டு, மதிப்பெண் பட்டியலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, எண்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். மகள் தட்டெழுதினாள். கடைசி இரண்டு எண்களைச் சரியாகக் கேட்கவில்லை என்றாள். அவள் இன்னொரு தடவை வாசித்தாள்.